ஜன்னல் தெரியணும்

வெள்ளைக் கல்யாணக் கவுனை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பெய்-லிங் கல்லறைகளுக்கு நடுவே விறுவிறுவென்று மேடேறினாள். பின்னால் கேமராப் பையோடு போட்டோக்காரர் ஹோங். அவருக்கும் பின்னால், கவுனின் வாலைத் தூக்கிக்கொண்டு, புலம்பியபடியே அவர் மனைவி சுன்-ஹுவா.

"கல்யாணம் முடியிற வரைக்கும் பொண்ணு சாவு வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. நீங்க என்னடான்னா இடுகாட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்க!"

"நானா கூட்டிட்டு வந்தேன்? நல்ல எடம் எதுன்னு அது கேட்டுச்சு, சொன்னேன்" என்ற ஹோங், கல்லறைகளைப் பார்த்து, "பெரியவங்களே, மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒரு கும்பிடும் போட்டார்.

கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? தைவானின் பெங்ஹு தீவில் கல்யாணப் போட்டோ அவருக்குப் பிழைப்பு. விமானப் போட்டோதான் உயிர். விமான நிலையத்தைச் சுற்றி எந்த வேலி ஓட்டையில் லென்ஸ் நுழையும், எந்த வேர்க்கடலைக் காட்டில் நின்றால் விமானம் தலையை உரசும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் வருகிற மணப்பெண்கள் எல்லாருக்கும் கடற்கரையும் பூவும்தான் வேண்டும். போங்கடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்.

இவள் ஒருத்திதான் காலையில் போன் செய்து, "இன்னிக்கே எடுக்கணும், பிளேனோட எடுக்கணும்" என்றாள். விமான நிலையக் கவுண்டரில், எந்தப் பயணிக்கு எந்த சீட் என்று போட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பிளேன் மேல் ஆசை இருக்காதா பின்னே என்று ஹோங் உருகிப் போனார்.

"எறங்குற பிளேன்னா கடற்கரையில நின்னாலே போதும்மா. தலைக்கு மேல தாழ்வா வரும்" என்று கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"எறங்குறது வேணாம் அண்ணே. கெளம்புறதுதான். அதுவும் இப்பப் போற தைபே பிளேன், அது ஒண்ணுதான் வேணும். ஜன்னல் ஒவ்வொண்ணும் தெரியணும்."

ஹோங்குக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா வேடிக்கை பார்க்கிறவன் இறக்கையைப் பார்ப்பான், வாலைப் பார்ப்பான். ஜன்னல் கேட்கிறாள் என்றால் இவள் நம்ம ஆள்!

"அப்ப இந்த மேடுதான். ஓடிவந்து தரையை விடுற எடம் நமக்கு நேர் எதிர்ல. கண் மட்டத்துல, பக்கவாட்டுல போகும். ஆனா ஒரு நொடிதான். விட்டா விட்டதுதான்."

"நமக்குத் தெரியப்போறது எந்தப் பக்கம்? இடதா, வலதா? யோசிச்சுச் சொல்லுங்க."

ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப் பையைப் பார்த்தார். வாடைக் காற்றில் அது குச்சி மாதிரி விறைத்து நின்றது. "வடக்கே பாத்துக் கெளம்பும். நமக்குத் தெரியப்போறது பிளேனோட இடது பக்கம். சாயங்கால வெயிலும் அந்தப் பக்கந்தான். பளிச்சுன்னு விழும்."

பெய்-லிங் உடனே போனை எடுத்து எதையோ தட்டினாள்.

"மாப்பிள்ளைக்கா? எங்க வந்துட்டிருக்காராம்?" என்றாள் சுன்-ஹுவா.

"அவருக்காகத்தான் அக்கா. நேரத்துக்கு வந்துடுவாரு."

மாப்பிள்ளை வரவில்லை. கவுன்தான் சப்பாத்திக் கள்ளியில் மாட்டிக் கிழிந்தது. சுன்-ஹுவா அலறிவிட்டு, கொண்டுவந்த சிவப்பு விசிறியை அவள் கையில் திணித்தாள்.

"இந்தா, பிளேன் வர்றப்ப இதை எறி. படத்துலயாவது நல்ல சகுனம் இருக்கட்டும்."

கல்யாணத்தன்று பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்புகிற பெண், கார் ஜன்னல் வழியே விசிறியை எறிய வேண்டும். கோபத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறாளாம். மாப்பிள்ளை எதை எறிந்துவிட்டு வருவான் என்று இந்தத் தீவில் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"எறிய மாட்டேன் அக்கா. இது எனக்கு வேணும்."

ஓடுபாதையின் அந்தக் கோடியில் எஞ்சின் இரைந்தது.

"ஐயையோ, மாப்பிள்ளை இன்னும் வரலியே! அடுத்த பிளேனுக்கு எடுப்போம்" என்றாள் சுன்-ஹுவா.

"வேணாம்! எடுங்க அண்ணே. நானும் தெரியணும், ஜன்னலும் தெரியணும். விட்டுடாதீங்க!"

விமானம் ஓடிவந்து, மேட்டுக்கு நேரே சக்கரத்தைத் தூக்கியது. பெய்-லிங் கிழிந்த கவுன் காற்றில் படபடக்க மேட்டின் நுனிக்கு ஓடினாள். விசிறியை விரித்து, வேண்டாத விருந்தாளியை பஸ் ஏற்றிவிடுகிறவளைப் போல, பல்லெல்லாம் தெரிய ஆட்டினாள். ஹோங் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

இரைச்சல் கடல் பக்கம் போய் அடங்கியது. ஹோங் கேமராத் திரையைப் பார்த்தார். விசிறி, சிரிப்பு, வெயிலில் மின்னுகிற ஜன்னல் வரிசை. இருபது வருடமாகக் காத்திருந்த படம்!

"படத்துல விழுந்துருச்சு! எல்லாம் விழுந்துருச்சு!" என்று கல்லறைகளுக்கு நடுவே குதித்தார்.

சுன்-ஹுவா எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "என்ன விழுந்து என்ன? மாப்பிள்ளை இல்லாம இது ஒரு கல்யாணப் போட்டோவா?"

"இல்லாம என்ன? மூணாவது ஜன்னலைப் பெருசு பண்ணிப் பாருங்க" என்றாள் பெய்-லிங்.

ஹோங் பெரிசாக்கினார். போன வாரம் அவர் கடைக்கு வந்து மாப்பிள்ளைக் கோட்டு போட்டுப் பார்த்த அதே முகம். கண்ணாடியில் மூக்கு அழுந்த, வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பெய்-லிங் விசிறியை மடக்கினாள்.

"சொல்லாம ஓடிப்போறவனுக்கு அந்த சீட்டை நான்தான் கவுண்டர்ல போடச் சொன்னேன்."