பஸ் ஸ்டாண்ட் காட்சி

"நத்தைகூட இதைவிட வேகமாப் போகும்!" என்று திட்டிக்கொண்டே கண்டி நகரத் தியேட்டரிலிருந்து வெளியே வந்தார் ஒருவர்.

"துக்கம்னா அப்படித்தாங்க நகரும்," என்றாள் அவர் மனைவி.

"சாவு வீட்டுல உட்கார நான் டிக்கெட் எடுக்கணுமா?"

இதைக் கேட்ட தியேட்டர் முதலாளி, படம் ஓட்டும் தேவதாஸிடம் வந்தார். "அந்த பஸ் ஸ்டாண்ட் சீன் நாலு நிமிஷம். கதாநாயகி சும்மா உட்கார்ந்திருக்கா. அடுத்த ஷோவுல அதைத் தாண்டிப் போட்டுரு."

தேவதாஸ் தலையாட்டினான். அவனுக்கே அந்த இடத்தில் தூக்கம் வரும்.

மூன்று நாளாகத் தனியே வரும் பெண் கடைசியாக வெளியே வந்தாள்.

"உங்களுக்காவது பிடிச்சுதாம்மா?" என்றார் முதலாளி.

"பஸ் ஸ்டாண்ட் சீன்தான் சீக்கிரம் முடிஞ்சிருதுங்க."

முதலாளி சிரித்தார். "இனிமே அதுவும் இருக்காது."

அவள் அழவில்லை. யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்தக் கதாநாயகிக்குப் பின்னால ஒருத்தர் கச்சான் கடலை சுத்திக் கொடுப்பாருங்க. எங்க வீட்டுக்காரர். படம் எடுக்க வந்தவங்க, நீங்க பாட்டுக்கு யாவாரம் பண்ணுங்கன்னாங்களாம். புருஷன் செத்து முப்பத்தொன்னாம் நாள் காரியங்கூட முடியல, அதுக்குள்ள படம் பாக்கப் போறாளேன்னு எங்க மஹய்யாவ சனங்க ஏசுறாங்க. வீட்டுல அவரோட அடையாள அட்டை போட்டோ மட்டுந்தாங்க இருக்கு. அதுல அவர் அசைய மாட்டாரு."

முதலாளி அவளை உள்ளே அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

தேவதாஸ் அந்தக் காட்சியை மட்டும் போட்டான். முடிந்ததும், வெற்று அரங்கிலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"இன்னொருக்கா போடுப்பா."