தலைவரின் கனவும் ஓர் அடிக்குறிப்பும்

“என் கனவைக் கொண்டுபோய் அடிக்குறிப்புல போட்டிருக்கியே, ரேமண்ட்?”

பெர்னார் தட்டச்சுத் தாள்களை மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், ஆனால் ஒரு தலைவர் வைக்கிற மாதிரி வைத்தார். பாரிசில் மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் தமிழ்க் குழுவுக்கு அவர்தான் தலைவர். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு அரசு அலுவலகம் ஒன்றில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். கைக்குழந்தைகளையும் சேர்த்தால்தான் குழுவுக்கு ஒரு வரிசை நாற்காலி நிறையும். இருந்தாலும் அதற்கொரு சரித்திரம் வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார்.

எழுதுகிற பொறுப்பு ரேமண்டுக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே சென் தெனி பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர். ஆதாரம் கேட்காமல் கத்தரிக்காய்கூட வாங்க மாட்டார் என்று சபையில் அவருக்குப் பெயர்.

அந்தக் கனவு சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள் மாலை, லா ஷப்பேல் பகுதியில் இதே வீட்டில், பெர்னார் அசதியில் கண்ணயர்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள் ஒளியில் நின்று அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. திறந்தால் அதே இருவர்! வீடு வீடாகப் போய் மோர்மன் வேதம் சொல்கிற அமெரிக்கப் பையன்கள். அன்றே பெர்னார் மனம் மாறினார்.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையார் உபவாசமிருந்து, அவரவர் விசுவாசத்தைப் பற்றி எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். பெர்னார் தவறாமல் கனவைச் சொல்வார். மாதத்துக்கு மாதம் அந்த ஒளி கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

“காரணமாத்தான் போட்டேன், தலைவரே,” என்றார் ரேமண்ட். “கீழ்வீட்டு அம்மா வேற மாதிரி சொல்றாங்க.”

கீழ்வீட்டு அம்மா தில்லைநாயகி. யாழ்ப்பாணத்துக்காரர், ரூ காய் தெருவில் பலசரக்குக் கடை நடத்துகிறார். மோர்மன் சபைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் ரேமண்ட் பேச்சுக் கொடுக்க, அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்:

“ஓம், நல்லா ஞாபகம். தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் பலகாரம் சுட்டுக்கொண்டு நிக்கிறன், ரெண்டு வெள்ளைக்காரப் பெடியள் வந்து மணியடிச்சவை. மேலை வேதக்காரர் இருக்கினம், அங்கை போங்கோ எண்டு நான்தான் கைகாட்டி விட்டனான். ஏறிப் போனவை, கனநேரம் இறங்கேல்லை.”

இதைக் கேட்டதும் பெர்னாரின் முகம் சிவந்தது. முதல் நாள் மாலை ஒருவரும் வரவில்லை, தான் வீட்டில்தான் இருந்ததாகச் சத்தியம் செய்தார். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு நாள் குழம்பாதா என்று கேட்டார். பலகாரம் சுட்ட நாள் பெண்களுக்குக் குழம்பாது என்று ரேமண்டுக்குத் தோன்றியது.

சொன்னது வேறு. “அந்தக் கனவைக் கேட்டுத்தான் தலைவரே நான் இந்தச் சபையில ஞானஸ்நானம் எடுத்தேன். முதல் நாளே அவங்க வந்திருந்தா, நீங்க கண்டது கனவு இல்ல, விருந்தாளிங்க. அதை மறைச்சா நான் படிச்ச படிப்பு பொய். எழுதினா நான் நம்பினது பொய்.”

“அந்தம்மா பேச்சை எடுத்துடு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை சபையில நீ இதை வாசிக்க வேணாம்.”

நடையில் தொலைபேசி ஒலித்தது. பெர்னார் எழுந்து போய், தலைவருக்குரிய பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார்.

ரேமண்ட் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். சரித்திரத்தை மட்டுமல்ல, சபையையும் விட்டுவிடுகிற எண்ணத்தில்தான் அடுக்கினார். பெர்னாரின் மனைவி ஆலீஸ் எலுமிச்சை பிழிந்த வெந்நீரோடு வந்தார். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுபவர், அன்று எதிரே உட்கார்ந்தார்.

“அவர் பொய் சொல்லல, தம்பி. கீழ்வீட்டம்மாவும் பொய் சொல்லல.”

கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் இன்னும் கொஞ்சம் சொன்னார். ரேமண்ட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநாள் கழித்து நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். பையைத் திறந்து தாளை எடுத்து, அடிக்குறிப்பை அடித்துவிட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதினார்.

பெர்னார் திரும்பி வந்து அதை உரக்க வாசித்தார்: “தீபாவளிக்கு முதல் நாள் மாலை அவ்விருவரும் இந்த இல்லத்துக்கு வந்தனர். தலைவர் அவர்களை முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். அவர் விழித்த நிலையில் இல்லை.”

இன்னொரு முறை வாசித்தார். “ஆவியில வந்தாங்கன்னு சொல்ற.”

“வந்தாங்கன்னு மட்டும் சொல்றேன், தலைவரே. ரெண்டு சாட்சி இருக்கு.”

“படிச்சவன் படிச்சவன்தான்,” என்று ரேமண்டின் தோளில் தட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தக் கழுத்துப்பட்டி பொருந்தும் என்று பார்க்க உள்ளே போனார் பெர்னார்.

ஆலீஸ் சொன்னது இவ்வளவுதான்: “ஒரு போத்தல் ஒயினை முடிச்சிட்டு அன்னிக்கு இந்த சோபாவுல கெடந்தாரு, அந்தப் பிள்ளைங்க இவர் பேரைச் சொல்லி எழுப்பினாங்க, கண்ணைத் தெறந்து ரெண்டு பேரையும் கும்பிட்டுட்டு மறுபடி படுத்துட்டாரு. தெளிஞ்சப்புறம் காலையில வாங்கன்னு நான்தான் அனுப்பிவெச்சேன். கனவுன்னு நெனச்சு அன்னிலேர்ந்து ஒரு சொட்டுத் தொடல, நான் எதுக்கு எழுப்பணும்?”