தெளிவாகக் கேட்கும் செட்

“இதைவிடச் சத்தமா ஒண்ணு இருக்கா?”

மேசைமேல் ஏற்கெனவே நாலைந்து வயர்லெஸ் செட்டுகள் பரப்பிக் கிடந்தன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். “மீன்பிடிப் படகுக்குத்தானே கேட்டீங்க? கப்பலுக்கு இல்லையே?”

“என் தம்பி படகுக்கு. சின்னப் படகுதான். விலையை விடுங்க. நான் பேசுறது இவன் காதுல விழணும், அவ்வளவுதான்.”

தம்பி சற்றுத் தள்ளி நாற்காலியில் இருந்தான். மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு காலிப் பெட்டியின்மேல் நீட்டியிருந்தான். கடைக்குள் வந்ததிலிருந்து அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி பேசினாள்.

“போன தடவை ஒரு ஓட்டை செட்டை இவர் தலையில கட்டினாங்க” என்றாள் கடைக்காரரிடம், அண்ணன் பக்கம் திரும்பாமலே. “பாறைப் பக்கம் வராதேன்னு அதுல கத்தினாங்களாம். கேட்டிருந்தா இவர் ஏன் அங்க போகப்போறார்? படகு பாறையில மோதி, நடுவுல கால் மாட்டிக்கிச்சு. நல்ல செட்டு மாட்டாம இனிமே இவரைக் கடலுக்கு அனுப்புறதா இல்லை.”

அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. தனக்குப் புது செட் வாங்கியபோது, பழையதைத் தம்பியிடம் தள்ளிவிட்டவர் அவர்தான். அது சில நேரம் கரகரவென்று இரையும் என்று தெரியும். தெரிந்தே, சின்னப் படகுக்கு இது போதாதா என்று வள்ளல் மாதிரி தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்த மாவுக்கட்டை நினைக்கும்போதெல்லாம் தன் கையாலேயே தம்பியின் காலை உடைத்ததுபோல் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. தம்பி வீட்டு வாசல் வரை போய்விட்டு, உள்ளே போகத் தைரியம் இல்லாமல் எத்தனையோ தடவை திரும்பி வந்திருக்கிறார்.

கடைக்காரர் ஒரு கைசெட்டைத் தட்டிக் காட்டினார். “இது தண்ணியில விழுந்தா மிதக்கும். ஆனா ரொம்ப தூரம் எட்டாது, சார்ஜும் சீக்கிரம் இறங்கிடும். படகுல மாட்டுற செட்டுன்னா நல்லா எட்டும், ஏரியலை மட்டும் உசரமாக் கட்டணும். என்ன, படகு பேட்டரியில தண்ணி ஏறிட்டா அதுவும் ஊமைதான்.”

“அப்ப ரெண்டையும் போடுங்க.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். ஏரியல் இருக்கிறதுலயே நெட்டையாப் பார்த்து எடுங்க. தனி ஸ்பீக்கர் இருந்தா அதையும் சேர்த்துக் கட்டுங்க.”

கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எவ்வளவு நல்ல செட்டு வாங்கி என்ன பிரயோஜனம்? நீங்கல்லாம் கடல்ல பேசுறதுல பாதி புளுகுதானே. வலை நிறைய மீன் விழுந்திருக்கும். ‘இங்க ஒண்ணுமே இல்லைப்பா, வேற பக்கம் பாருங்க’ம்பீங்க.”

அந்த நிலையிலும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எல்லாப் படகுக்காரனும் அதைத்தானே செய்றான்? இருக்கிற இடத்தைச் சொல்லிட்டா நமக்கு என்ன மிஞ்சும்?”

“கூடப்பிறந்தவர்கிட்டயுமா?”

“இவனையே எத்தனையோ தடவை வேற பக்கம் திருப்பி விட்டிருக்கேன்! மீன் விஷயத்துல அண்ணன் தம்பியெல்லாம் கரைக்கு வந்தப்புறம்தான்.”

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பி மட்டும் தலை குனிந்து, மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தான். கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்தார் அண்ணன். அவர் சிரிப்பும் அடங்கிப்போனது.

கடைக்காரர் பெரிய செட்டை மேசையிலேயே ஒரு பேட்டரியோடு இணைத்து, தம்பியின் மடியில் மைக்கை வைத்தார். கைசெட்டை அண்ணனிடம் கொடுத்தார். “தெருக்கோடிக்குப் போய்ப் பேசிப் பாருங்க. பேசும்போது இதை அழுத்தணும். முடிஞ்சதும் விட்டுடணும்.”

அண்ணன் தெருக்கோடியில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் போய் நின்றார். கேட்குதா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் இத்தனை நாளாக முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் தொண்டையில் நின்றது, முகம் தெரியாத இடத்துக்கு வந்ததும் தானாக வெளியே வந்தது.

“தம்பி, அந்தப் பழைய செட்டு சரியில்லைன்னு தெரிஞ்சேதான்டா உனக்குக் குடுத்தேன். அன்னைக்குத் தண்ணி பாறைப் பக்கம் இழுக்குறதைப் பார்த்துட்டு, இந்தப் பக்கம் வராதே, வராதேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். உனக்கு ஒரு வார்த்தைகூட எட்டலை. உன் காலை உடைச்சது நான்தான். என்னை மன்னிச்சிடுடா.”

பொத்தானை விட்டார். கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு செட்டைக் காதோடு ஒட்டிவைத்தார். பதில் வரவில்லை. இதுவும் கெட்டுப்போன செட்டுதானோ என்று ஒரு கணம் பயந்தார்.

பிறகு தம்பியின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது.

“அன்னைக்கு எல்லாமே தெளிவாத்தான் கேட்டுச்சுண்ணே. நீ வராதேன்னு சொன்னதாலதான் வந்தேன்.”