ஊதிக் காட்டு

"ஊதுங்க!" என்றாள் விஜயம்மா.

பொன்னையன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஊதினான். குப்பென்று சாராய வாடை வந்தது.

அவன் கண் இரண்டும் சிவந்து கிடந்தன, குரலும் குழறியது. "ஜலதோஷமாக்கும்டீ. மூக்கு அடைச்சு ஒரு மணமும் தெரியல்ல. நான் குடிக்கல்ல."

"ஜலதோஷமாம், ஜலதோஷம்!" ஒர்க்‌ஷாப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார் விஜயம்மாவின் அண்ணன் மோகனன். "இந்த ஏப்ரலோட கேரளத்துல சாராயக்கடை மொத்தமும் பூட்டியாச்சு. ஒனக்கு மட்டும் எங்கேருந்துலே கிட்டுது?"

மோகனன் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து அதியன்னூர்க்காரர். ஊர் மதுவிலக்குக் கமிட்டியில் அவர் கையில் மைக் கிடைத்தால் யாரும் பிடுங்க முடியாது. அவருடைய கிழட்டு அம்பாசிடர் காலையில் எல்லையோரப் பனச்சமூடு சந்தைப் பக்கம் நின்றுபோக, வேறு மெக்கானிக்கைத் தேடாமல் தங்கை புருஷனிடமே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

இனிக் குடித்தால் பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், பிறகு செத்தாலும் திரும்ப மாட்டேன் என்று போன ஓணத்துக்கே விஜயம்மா சொல்லியிருந்தாள். பொன்னையனும் மகள் ஜிஷா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். எல்லாம் நாசமாய்ப் போச்சு.

"துணியை எடுத்து வை மக்கா," என்றார் மோகனன். "இன்னைக்கே போவோம். நீயும் பிள்ளையும் பின்சீட்டுல இருந்தா வழியில செக்போஸ்டுல எக்சைஸ்காரனும் நிறுத்த மாட்டான், நேரத்துக்கு வீடு சேரலாம்."

அவள் வீட்டுக்குள் போய்க் கையில் கிடைத்த துணிகளைப் பையில் திணித்தாள். பிள்ளை தலையில் சத்தியம் செய்துவிட்டுக் குடித்தவனை நினைக்க நினைக்க அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் அந்த மனுஷன் மறுபடியும் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.

வண்டியும் ஒழுங்காய் நடந்துகொள்ளவில்லை. சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடியது. உள்ளே தள்ளினால் இருமி, கார்ப்பரேட்டர் வழியாக டப்பென்று தும்மிவிட்டுச் செத்தது. பிளக் பார்த்தாயிற்று, பாயின்ட் பார்த்தாயிற்று. எத்தனையாவது தடவையோ, கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் வழியும் ஊசித்துளை ஜெட்டைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, தூவென்று துப்பினான் பொன்னையன்.

"டாங்கை எறக்கிப் பாக்கணும் அளியா. எண்ணெய் சரியில்ல," என்றான் மச்சானிடம்.

"டாங்குல கை வச்சியோ, கையை ஒடிப்பேன்! நேத்துத்தான் வெல்டிங் வச்சது. கார்ப்பரேட்டரை மட்டும் பாரு."

"பின்னே நீரே பாரும்! எனக்க பெண்டாட்டியையும் பிள்ளையையும் கொண்டு போக வண்டியை நானே நன்னாக்கித் தரணுமோ?"

"குடிகாரப் பயலே, வாயை மூடு! ஒன்ன மாதிரி ஆளுவளுக்காகத்தான் அந்தக் கள்ளப் பயலுவ டயர் டியூப்புலயும் பால் கேனுலயும் ஸ்பிரிட்டைக் கொண்டு வாறானுவ. பிடிச்சுக் கட்டி வச்சு அடிக்கணும்!"

விஜயம்மா பையோடு வெளியே வந்தாள். ஜிஷா ஏற்கெனவே பின்சீட்டில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

"போறியா? போ! ஒருத்தரும் என்னை நம்பண்டாம்!" பொன்னையன் கத்திக்கொண்டே கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் கிடந்ததை வீசி ஊற்றினான். பாதி மண்ணில் விழுந்தது, பாதி அவள் சேலையில் தெறித்தது.

"சனியனே!" என்று குனிந்து சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். பிழிந்த கை அப்படியே நின்றது. தலைப்பை மூக்கருகே கொண்டு போனாள். பெட்ரோல் மணந்தது, அதற்கும் மேலே இன்னொன்றும் மணந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ராத்திரி ராத்திரி பக்கத்தில் படுத்து அறிந்த மணம் அது.

பையைக் கீழே வைத்தாள். நேரே புருஷனிடம் போய், அவன் உள்ளங்கையில் கிடந்த ஜெட்டை எடுத்துத் தன் வாயில் வைத்து ஊதினாள். நாக்கு காந்தியது.

"எடீ, நீ என்னத்துக்கு அதை வாயில வைக்கிய?" என்று மூக்கடைத்த குரலில் பதறினான் பொன்னையன்.

அவள் மோகனனைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று வெல்டிங் வைத்த டாங்க், அதற்குள்ளிருந்து பெட்ரோலோடு கசியும் ஸ்பிரிட். கை வைக்க விடாத அண்ணன். எக்சைஸ்காரன் நிறுத்தாமலிருக்கப் பின்சீட்டில் அவளும் அவள் பிள்ளையும்.

கதவைத் திறந்து ஜிஷாவைக் கையைப் பிடித்து இறக்கினாள். பிறகு மோகனனின் முகத்துக்கு நேரே போய் நின்று, "ஃபூ" என்று ஊதினாள்.

மோகனன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சட்டைப்பையிலிருந்த, டாங்க் கிடக்கும் டிக்கியின் சாவியை அவர் கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"மணத்துப் பாத்தீங்களா அண்ணா? குடிச்சது இவரில்ல. ஒங்க வண்டியாக்கும்!"