தூங்காத வகுப்பு

"கை தட்டாதீங்க! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

ஹெல்மெட் மேடம் இப்படிச் சொன்னதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

கட்டட வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது அவள் உத்தியோகம். போகிற இடத்திலெல்லாம் வேலையாட்கள் அவளுக்கு வைத்த பெயர்தான் ஹெல்மெட் மேடம். ஆறு வருடமாக வகுப்பு எடுக்கிறாள். ஆறு வருடமாக எதிரில் உட்கார்ந்தவர்கள் தூங்குகிறார்கள். அவள் கொடுத்த ஹெல்மெட்டில் ஒருவர் வெங்காயம் வாங்கிக்கொண்டு போனதை அவளே பார்த்திருக்கிறாள்.

"உன் வகுப்புல நல்லா தூங்கி எழுந்திரிக்கிறாங்கல்ல? அதுவும் உடம்புக்கு நல்லதுதானே!" என்று வீட்டுக்காரர் வேறு கிண்டலடிப்பார்.

போன மாதம் அந்தக் கிண்டல் நின்றுபோனது. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்ட ஒரு கொத்தனார், மூன்றாம் நாள் சாரத்திலிருந்து விழுந்தார். பாதுகாப்பு பெல்ட் இருந்தது. ஆனால் இடுப்பில் இல்லை, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி, "நீங்க சொல்லித் தரலையாம்மா?" என்று கேட்டாள்.

இனி ஒருத்தரையும் தூங்க விடுவதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு, இந்தத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணை நம்ப முடியவில்லை. ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர். நாற்பது தலையிலும் மஞ்சள் ஹெல்மெட். எண்பது கண்ணும் திறந்திருந்தன!

கொட்டகைக்கு மேலே எங்கோ கடகடவென்று சத்தம். மேடம் பக்கத்தில் நின்ற சைட் இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேலையை நிறுத்திட்டு எல்லாரையும் அனுப்புங்கன்னு சொன்னேனே?"

"அது வெறும் மெஷின் மேடம். பாதில நிறுத்தினா எல்லாம் இறுகிப் போயிடும். அது பாட்டுக்கு ஓடட்டும், நீங்க பேசுங்க" என்றார் அவர், கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடி.

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உயரத்துல வேலை செய்யும்போது பெல்ட் போடணும்!"

"போடணும்! போடணும்!"

"போட்டா மட்டும் பத்தாது. கொக்கியை மாட்டணும்!"

"மாட்டணும்! மாட்டணும்!" கடைசி வரிசையிலிருந்து ஒரு விசிலும் பறந்தது.

மேடத்துக்குப் புல்லரித்தது. "நீங்கல்லாம் என்ன வேலை பார்க்கறீங்க?"

"எந்த வேலைன்னாலும் கூப்பிட்டா வந்துடுவோம் மேடம்!"

"சரி, சாரத்துல கால் வைக்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?"

நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு ஒல்லி ஆசாமி எழுந்தார். "சாரம்னா என்ன மேடம்?"

முன்வரிசையில் இருந்த பச்சைச் சேலைக்கார அம்மாள் திரும்பி அவரை ஒரு முறை முறைத்தாள். மேடத்துக்கோ சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவளை நக்கலடிக்கக்கூட யாரும் விழித்திருந்ததில்லை.

"மேல நின்னு பூசறதுக்குக் கம்பும் பலகையுமா கட்டுவாங்களே, அதுதான். உங்களுக்குத் தெரியாது பாருங்க!"

"இப்ப தெரிஞ்சிடுச்சு மேடம்!" என்று அவர் உட்கார, கொட்டகையே அதிர்ந்தது.

கடைசியாக, அந்தக் கொத்தனாரின் கதையைச் சொன்னாள். ஆணியில் தொங்கிய பெல்ட்டைச் சொன்னாள். அவர் மனைவி கேட்ட கேள்வியையும் சொன்னாள். அப்போது மட்டும் யாரும் கை தட்டவில்லை. பச்சைச் சேலைக்கார அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததுதான் தாமதம், இன்ஜினியர் ஒரு காகிதத்தோடு பாய்ந்து வந்தார்.

"நாற்பது தொழிலாளர்களுக்கும் பயிற்சி முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்து மேடம். நாளைக்கு மேலதிகாரிங்க வர்றாங்க."

"தாராளமா! இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைஞ்சதே இல்ல சார்." மேடம் பேனாவைத் திறந்தாள். உடனே ஏதோ தோன்றி நிறுத்தினாள். "இருங்க, தொழிலாளி ஒருத்தர் என்ன நினைக்கறார்னும் எழுதிடறேன். அக்கா, இங்க வாங்க!"

"அதெல்லாம் எதுக்கு மேடம்? அவங்களுக்கு நேரமாச்சு, வண்டி நிக்குது..." இன்ஜினியரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

அதற்குள் பச்சைச் சேலைக்கார அம்மாள் வந்து நின்றுவிட்டாள்.

"நான் பேசினது எப்படி இருந்துச்சுக்கா? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"பதினஞ்சு வருஷமா இந்த ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறேம்மா. கை தட்டச் சொன்னா தட்டுவோம், கோஷம் போடச் சொன்னா போடுவோம். மேடையில என்ன பேசறாங்கன்னு ஒரு நாளும் காதுல வாங்கினதில்ல. இன்னிக்கு நீங்க பேசினதைக் கேட்டு அழுதுட்டேன்."

மேடத்தின் பேனா அந்தரத்தில் நின்றது.

அந்த அம்மாள் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "இதை மேல கான்கிரீட் போடறவங்ககிட்ட சீக்கிரம் திருப்பிக் கொடுத்துடச் சொல்லுங்கம்மா. எங்களுக்காகக் கழட்டிக் கொடுத்துட்டு, பாவம், காலையிலேர்ந்து வெறுந்தலையோட நிக்கறாங்க. ஆமா, நீங்க எந்தக் கட்சிம்மா?"