நான்காவது குழாயில் இருந்த ரத்தம்

தட்டில் வளர்த்த நஞ்சுக்கொடிச் செல்கள் கர்ப்பகாலப் புரதத்தை எவ்வளவு சுரக்கின்றன என்று அளந்துகொண்டிருந்த ஆராய்ச்சியாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது. மூன்று குழாய்களில் கணக்கு சரியாக வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த நான்காவது குழாயில் சாதாரண ரத்தம்தான். அதில் அந்தப் புரதம் துளிகூட இருக்கக் கூடாது. ஆனால் எக்கச்சக்கமாக இருந்தது.

"கைதவறி எதையாவது கலந்துட்டீங்களா அண்ணே?" என்று டெக்னீஷியனிடம் சீறினாள்.

"இல்ல மேடம். மொத்தம் மூணு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துட்டேன். அதேதான் வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ ரத்தம் குடுத்த பொண்ணு முழுகாம இருக்கா. அவளுக்கே தெரியல போல. போய் நல்ல சேதி சொல்லுங்க!"

"பொண்ணு இல்ல மேடம். அவசரத்துக்கு ஆள் கிடைக்கல, என்னோடதையே எடுத்தேன்." சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மூன்று ஊசித் தடங்கள்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. ஓர் ஆணின் உடம்பில் இந்தப் புரதம் இவ்வளவு சுரந்தால், பெரும்பாலும் அதைச் சுரப்பது புற்றுநோய்க் கட்டி.

"மெஷின்லதான் ஏதோ கோளாறு, இல்லையா மேடம்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முதல்ல உக்காருங்கண்ணே."