கரடிக் குகை

இரண்டு முறை அடித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஏழு முறை என்றார்கள் கோர்ட்டில். அவர்கள் சொன்னதே சரியாக இருக்கும்.

மழலையர் வகுப்பின் கதவை உதைத்துத் திறந்தேன். மேசைகளைச் சேர்த்துப் போர்வை போர்த்தி, கரடிக் குகை ஒன்று கட்டியிருந்தார்கள். டீச்சர் மட்டும் நின்றிருந்தாள்.

"என் பொண்ணு எங்க?"

"பிள்ளைங்கள பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க சார்."

"யார்கிட்ட கதை விடுற?"

நாற்காலியால் அவள் தலையில் அடித்தேன். விழுந்தவளை மிதித்தேன். அவள் கத்தவே இல்லை. அறையில் வேறு சத்தமும் இல்லை. நாலு வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு தும்மலாவது கேட்காதா? அதனால்தான் அவள் சொன்னதை நம்பி வெளியேறினேன்.

பன்னிரண்டு பேரும் அந்தக் குகைக்குள்தான் இருந்தார்கள் என்பது கோர்ட்டில்தான் எனக்குத் தெரிந்தது. குளிர்காலம் முழுக்கக் கரடி தூங்குவதைச் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டாம்.

"என் பொண்ணை என்கிட்டயிருந்தே ஒளியப் பழக்கினது இவதான்" என்று கத்தினேன்.

டீச்சர் என்னைப் பார்த்தாள்.

"நான் பழக்கலை சார். முதல் நாள் எல்லாக் கரடியும் கெக்கே பிக்கேன்னு ஒரே சிரிப்பு. உங்க பொண்ணு மட்டும் அசையாம கிடந்தா. மூச்ச எப்படி விடணும், தும்மல் வந்தா போர்வைய எப்படிக் கடிக்கணும்னு அவதான் மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா. உனக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். 'அப்பா பைக் சத்தம் கேட்டா நானும் அம்மாவும் இப்படித்தான் தூங்குவோம்'னா."

டீச்சருக்கு இடது காது போய்விட்டது. எனக்கு ஒன்பது வருடம். மனைவியும் மகளும் வேறு ஊரில் இருக்கிறார்கள். மகள் இப்போதெல்லாம் தூக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கிறாளாம்.